தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வருகிறவள்

"…அடுத்த வண்டியில போறேன். அதுவும் போனா அதுக்கு அடுத்தது. அவ முதல்ல குடிக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

குடிக்க வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர். குடிக்க வேண்டியவள் என் மகள் செல்வி, அப்போது ஆறு வயது. சிட்லபாக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் முன்னறை அது. பள்ளிக்கூட யூனிபாரத்தில், ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். "வேணாம்" என்றாள். அக்கா டம்ளரை நீட்டினாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு குழந்தை காலையில் தண்ணீர் வேண்டாம் என்றதற்கு மூன்று பெரியவர்களுக்குக் கை கால் சில்லிட்டுப்போவானேன் என்று கேட்பீர்கள். அதற்கு நான் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களுடையது ரயில் சிநேகம். எழுபதுகளின் தொடக்கம். நான் சைதாப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் அச்சான பெரிய தாள்களை, ஃபாரம் என்போம், புத்தகப் பக்கமாக மடித்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவள். மற்றபடி நான் படித்ததெல்லாம் மடிக்கிற தாளில் படித்ததுதான். மடிப்பதற்கு முன் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும். கதாநாயகி செத்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆகும். அப்படிப் படித்தே பழகிவிட்டது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருந்தாள். ஒரு பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். தாம்பரத்திலேயே ஏறி லேடீஸ் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். நான் சானடோரியத்தில் ஏறுவேன்.

அவளிடம் நான் முதலில் கவனித்தது ஒரு பேச்சு வழக்கம். நாமெல்லாம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற ஒரு சொல்லை அவள் சொல்லவே மாட்டாள். "என்னக்கா யோசனை?" என்று கேட்டால் நீங்களும் நானும் "ஒண்ணுமில்ல" என்போம். அவள் கொஞ்சம் நிதானித்து, "சொல்ற மாதிரி இல்ல" என்பாள். "பையில சில்லறை இருக்கா?" என்றால், "இந்த அறையில இல்ல, அடுத்ததைப் பாக்கல" என்று பையின் இன்னொரு ஜிப்பைத் திறப்பாள். "வண்டி வருதா?" என்றால், "கண்ணுக்கு எட்டின வரைக்கும் வரல."

"ஏன்க்கா, வரலைன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் நான் பாக்கலையே."

பெட்டியில் மற்ற பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். நானும்தான். வக்கீல் வீட்டில் பிறக்க வேண்டியவள் வழி தவறி வந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்போம்.

ஒரு நாள் மாணவர்களுக்கான உயிரியல் புத்தகத்தின் ஃபாரம் ஒன்று கெட்டுப்போனதை வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம். கொம்பு கொம்பாக ஒரு தலை, நீள வால், வாலின் நுனியில் வேர். கீழே 'நரம்பு செல்' என்று போட்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வம்.

"இந்த ஆளை நான் எங்கயும் பாத்ததில்ல."

"புத்தகத்துல போட்டிருக்கே அக்கா!"

"ஒரு மூஞ்சியை வரைஞ்சு கீழே மனுஷன்னு எழுதினா அது யாரு? உங்க வீட்டுக்காரரா, டிக்கெட் செக்கரா? அப்படித்தான் இதுவும். எல்லாத்தையும் சேர்த்து வரைஞ்சா ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க."

அன்றைக்கு மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்தவர்களையெல்லாம் எனக்கு அறிமுகம் செய்துவைத்தாள். ஆமாம், ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். முதுகுத்தண்டில் ஒருத்தர் இருக்கிறார், நட்சத்திரம் மாதிரி. கை நிறைய உண்டு, வால் ஒன்றுதான். "நூறு பேர் சொல்றதை நூறு கையால வாங்கிப்பாரு. கடைசியில ஒரே வழியில ஒரே சேதி அனுப்புவாரு. தசையைச் சுண்டு, இல்ல சும்மா இரு. அவ்வளவுதான்." அவர் வால் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகிறதாம், ஒரே செல். தொட்டால் சுட்டால் சேதி கொண்டு போகிறவர் வேறு ரகம். அவர் ரோட்டு மேல் குடியிருக்க மாட்டார். ஓரமாக ஒரு சந்து வைத்து அதன் கோடியில் வீடு கட்டியிருப்பார். சேதி அவர் சந்து முனையோடு நேரே போய்விடும். கண்ணுக்குள் இருப்பவருக்கு இந்த ரயில் பெட்டி மாதிரி இரண்டு பக்கமும் வாசல். சிறுமூளையில் இருப்பவர்தான் அழகு. பானை வயிறு, அதன் மேல் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த இலை மாதிரி தட்டையாக விரிந்த கிளைகள். அவருக்குக் கீழே கேழ்வரகு கொட்டின மாதிரி குட்டி குட்டியாக லட்சம் பேர்.

"சாயம் போட்டா இவங்க உள்ள நீலப் புள்ளி புள்ளியா இருக்கும், புலித்தோல் மாதிரி. வால்ல அடிபட்டா அந்தப் புள்ளி கரைஞ்சு போயிடும். அடி எங்கயோ, வெளுக்கிறது இங்க."

"அப்புறம் சரியாயிடுமா?"

"சிலது ஆகும். சிலது போயிடும். தோல் போனா புதுத்தோல் வரும். இவங்க போனா அந்த நாற்காலி காலிதான். இவங்களுக்கு வாரிசு கிடையாது."

இவ்வளவு பிரியமாகப் பேசுகிறாளே, இவளுக்கு இவர்களை எப்படித் தெரியும் என்றால், நாய் மூலமாகத்தான். அவள் வேலையே அது. எங்காவது நாய் யாரையாவது கடித்து, அந்த நாய் செத்தால், அதன் தலை அவள் மேஜைக்கு வரும். மூளைக்குள் ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு துணுக்கை வெட்டி, கண்ணாடியில் ஒற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். நரம்பு செல் நீலமாகத் தெரியும். நாய்க்கு வெறி இருந்தால் அந்த நீலத்துக்குள் சிவப்பாக ஒரு பொட்டு, குங்குமச் சிமிழில் தொட்டு வைத்த மாதிரி. அது இருந்தால் தீர்ந்தது விஷயம்.

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். பரிசோதனைக்கூடம் வரை அவ்வளவு தூரம் போவானேன் என்று தலையை நேரே அவள் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். அவளும் ஐஸில் வைத்து, தகர டப்பாவில் மூடி, ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடுவாள். ஒரு நாள் எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மா மோப்பம் பிடித்தாள்.

"இன்னாம்மா கூடைல, தண்ணி சொட்டிக்கினே கீது? மீனா?"

"இல்லம்மா. தலை."

"அட, தலையா! கொழம்புக்குத் தலைதான் ருசி. கோவளத்துச் சரக்கா? இன்னா மீன் தலை?"

"நாய்த்தலை."

கீரைக்காரம்மா கூடையோடு எழுந்து போனது மட்டுமில்லை, அந்தப் பெஞ்சே காலியானது. "இந்தம்மா கூட குந்திக்கினு வந்தா நமக்கும் புடிச்சுக்கும், எழுந்திரிங்கடீ" என்று அடுத்த கதவுவரை சொல்லிக்கொண்டு போனாள். அதன் பிறகு எங்களுக்கு உட்கார இடப் பஞ்சமே வந்ததில்லை. அக்கா கூடையைக் காலுக்கிடையில் நகர்த்திக்கொண்டாள், சிரிக்கவில்லை. "யாரு வீட்டுக் குழந்தையைக் கடிச்சதோ" என்றாள்.

பல்லாவரம் வந்தால் மட்டும் அவள் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். என்னிடம் இடம் மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை. ஒரு சாயங்காலம் சிக்னல் கிடைக்காமல் வண்டி பல்லாவரம் பிளாட்பாரத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. குனிந்த தலையோடு அவளாகவே சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதாம். பல்லாவரத்தில் இறங்கிப் போகிற அனகாபுத்தூரிலிருந்து ஒரு தறிக்காரர் தன் பையனைக் கடித்த நாயின் தலையை வேட்டித்துண்டில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடித்த அன்றைக்கே அடித்துக் கொன்ற நாய். அக்கா பார்த்தாள். சிவப்பைக் காணவில்லை. மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் காகிதம் வர மறுநாள் ஆகும். காலையிலிருந்து அந்த மனிதர் ஜன்னலருகில் நின்றுகொண்டே இருக்கிறார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவள் சாப்பிடப் போகிற வழியில் மனசு கேட்காமல், "ஒண்ணுமில்லப்பா, பயப்படாம போ" என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"மறுநாள் காகிதம் வந்துச்சு. 'காணப்படவில்லை. நாய் முன்னதாகவே கொல்லப்பட்டதால் ஊசி தொடரவும்'னு போட்டிருந்தது. அதை வாங்க அவர் வரவே இல்ல. எதுக்கு வரணும்? அதான் நான் வாயாலேயே சொல்லிட்டேனே."

சிவப்புப் பொட்டு விழ நாள் ஆகுமாம். சீக்கிரம் கொன்றால் விழாமலேகூட இருக்கும். விஷம் இருக்கும், பொட்டு இருக்காது.

"ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். திட்ட வந்திருக்கார்னு நெனைச்சேன். திட்டல. 'பையன் தண்ணியைக் கண்டா கத்துறாம்மா. தொண்டை இழுத்துக்குது. நீங்க அன்னிக்கி ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, அவுங்கம்மா நம்ப மாட்டேன்றா. இன்னொரு தபா சொல்லுங்கம்மா, நான் போய்ச் சொல்லிடறேன்'னார்."

வண்டி நகரவில்லை. வெளியே யாரோ முறுக்கு விற்றுக்கொண்டு போனார்கள்.

"அவர் திட்டியிருந்தா நான் பொழைச்சிருப்பேன்" என்றாள் அக்கா. அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளைக் கேலி செய்யவும் இல்லை.

அந்த ஆடி மாதம் நாய்க்கடி என் வீட்டுக்கே வந்தது. மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் என் பக்கத்தில் நின்றிருந்த செல்வியை ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டு ஓடியது. நான் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அக்கா அப்போது என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். "அடிக்காதீங்க! கட்டிப் போடுங்க! பத்து நாள் பாக்கணும்! தலையில அடிக்காதீங்கப்பா!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் கடப்பாரையால் தலையிலேயே போட்டுவிட்டார்கள். குழந்தையைக் கடித்த நாயை விட்டுவைப்பார்களா என்ன? எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், செய்யக் கூடாததும் அதுதான். அக்கா செல்வியின் காலைக் குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவினாள், அப்படிக் கழுவினாள். பிறகு இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு போய், நசுங்கிய தலையிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டாள்.

செல்விக்கு மறுநாளே ஊசி ஆரம்பித்தாயிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு. இரண்டாவது ஊசிக்கே வயிறு தடித்துவிட்டது, இரவு காய்ச்சல். என் வீட்டுக்காரருக்கு ஒர்க் ஷாப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்வது, அதைப் போட்டே கால் விழுந்துபோனவர்கள் உண்டு என்று. "நாய்க்கு வெறி இல்லைன்னா எதுக்குடி புள்ளையைக் குத்திக் கொல்லணும்? உங்கக்காவைக் கேளு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடலாம்" என்றார்.

நான் லீவு போட்டுவிட்டு அவள் வேலை செய்யும் இடத்துக்கே போய் நின்றேன்.

"ஊசியில கால் போகும்கிறாங்களே, நெசமா?"

"நெசம்தான். ரொம்ப அபூர்வமா நடக்கும். நரம்பு வால் மேல கொழுப்புல உறை போட்டிருக்கும், கம்பி மேல ரப்பர் மாதிரி. ஆட்டு உறை உள்ள போனதும் நம்ம உடம்பு அதை எதிரின்னு நெனைச்சு சண்டை போடும். சில பேருக்கு அந்த வேகத்துல தன்னோட உறையையே உரிச்சுப் போட்டுடும்."

"அப்ப நாயில இருந்துச்சா?"

"பாத்த வரைக்கும் இல்ல."

"அக்கா, எனக்காக ஒரு தடவை. என் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

அவள் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம். அதில் நீல நீலமாகப் பட்டங்கள், நூல் அறுந்து எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு இல்லை. அவள் பின்னாலிருந்து ஒரு திருகைத் திருப்பினாள். பட்டங்கள் நகர்ந்து போய் வேறு பட்டங்கள் வந்தன. மறுபடி திருப்பினாள். மறுபடி வேறு. முடிகிற மாதிரியே தெரியவில்லை. என் குழந்தையைக் கடித்த மண்டைக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ரெண்டு நாளா இதைத்தான் பாக்கறேன்" என்றாள். "எனக்குக் கெடைச்சது ரெண்டு ஸ்பூன் அளவுதான். மத்ததெல்லாம் உங்க தெருவுல மண்ணோட கெடக்கு."

ஊசியை நிறுத்தவில்லை. பதினான்கும் போட்டோம். கால் விழவில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. கடித்த இடத்திலிருந்து அந்த விஷம் நரம்பின் வால் வழியாகவே மெதுவாக மேலே நடந்து வரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். "முகத்துல கடிச்சா எழும்பூர்ல ஏறின மாதிரி. கால்ல கடிச்சா தாம்பரத்துல ஏறின மாதிரி. கடைசி ஸ்டேஷன் பீச், அதான் மூளை, அங்க வந்து சேர நாளாகும். ஊசி பாதி வழியில இறக்கி விட்டுடும். பெரும்பாலும்." அந்தக் கடைசிச் சொல்லை அவள் முழுங்கியிருக்கலாம். முழுங்கமாட்டாள், எனக்குத் தெரியும்.

கடைசி ஊசி போட்ட மறுநாளிலிருந்து ரயிலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து நடந்தே வருவாள். வந்ததும் அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து செல்வியிடம் கொடுப்பாள். செல்வி குடிப்பாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், தொண்டையைப் பார்ப்பாள். ஒவ்வொரு மடக்கும் இறங்குவதைப் பார்ப்பாள். பிறகு, "சரி, வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள். செல்விக்கு இது விளையாட்டு. தண்ணிப் பெரியம்மா என்று பேர் வைத்துவிட்டாள். எனக்கு விளையாட்டில்லை. பாவாடை பறக்க என் பிள்ளை பாண்டி ஆடும்போது, அந்தக் கெண்டைக்கால் தழும்புக்குள்ளிருந்து யாரோ ஒருத்தன் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரியும். ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அவன் இப்போது எதுவரை ஏறியிருப்பான் என்று கணக்குப் போடுவேன். வீட்டுக்காரருக்கு எரிச்சல். "அந்தம்மா வர்றதே கெட்ட சகுனம் மாதிரி இருக்கு. புள்ளை நல்லாத்தானே இருக்கா?" என்பார். ஆனால் அவள் ஒரு நாள் தாமதமானால் அவரும் தெருவை எட்டிப் பார்ப்பார்.

மழைக்காலம் போயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து, அன்றைக்கும் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். பொங்கல் போயிற்று. மாசியில் ஒரு காலைதான் நான் முதலில் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் அன்று போட்டோ எடுக்கிறார்கள். செல்விக்குச் சிவப்பு ரிப்பன் வேண்டும். யூனிபாரத்துக்குக் கறுப்புதான் கட்டணும் என்று நான் கறுப்பு ரிப்பனை எடுத்தேன். பாதிப் பின்னலில் பிடுங்கிக்கொண்டு போய் நின்றவள்தான். அந்த நேரம் பார்த்து அக்கா டம்ளரோடு வந்தாள். வேணாம் என்றுவிட்டாள்.

அடம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். வீட்டுக்காரர் பாதி சவரத்தில், கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"அது அடம்க்கா. ரிப்பனுக்கு" என்றார். அது சொல்கிற குரலாக இல்லை, அக்காவிடம் கேட்கிற குரலாக இருந்தது.

அக்கா டம்ளரோடு தரையில் உட்கார்ந்தாள்.

"குடிடி!" என்று நான் கத்தினேன். செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா என் பக்கம் திரும்பி, "கத்தாதே. கத்தினா தொண்டை தானா இறுகும். அப்புறம் எது எதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. வீட்டுக்காரரின் நுரை கன்னத்திலேயே காய்ந்தது. நான் போய்ச் சிவப்பு ரிப்பனை எடுத்து வந்து, மீதிப் பின்னலைப் போட்டு, இரண்டு பக்கமும் பூ வைத்துக் கட்டினேன். என் விரல்கள் அவள் கழுத்தில் பட்டபோது சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். செல்வி கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஏதோ எங்களுக்கெல்லாம் தர்மம் செய்கிறவள் மாதிரி நடந்து வந்து, அக்காவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். பாதி யூனிபாரத்தில் வழிந்தது.

"அவ்வளவுதான்!" என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அழுதேனா சிரித்தேனா, ஞாபகமில்லை.

அக்கா டம்ளரைத் திரும்ப வாங்கினாள். உள்ளே பார்த்தாள். அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தது. முந்தானையால் செல்வியின் மோவாயைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் அவள் தொண்டையில் விழும்படி அவளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, டம்ளரை மறுபடி அவள் உதட்டருகே கொண்டுபோனாள்.